படுகளம் பார்க்கச் சைக்கிளில் வந்த இருவரின் நன்றி மடல்

ஊஞ்சலூருக்கும் கொடுமுடிக்கும் நடுவே, காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டியிருக்கும் உங்கள் ஊருக்கு வணக்கம்.

மாசி மாதம் அந்தச் சனிக்கிழமை, கோயில் திடலில், அண்ணன்மார் பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கும் படுகளத்தோடு முடிகிற பொன்னர் சங்கர் நாடகம் நடந்த அன்று, பொழுது சாயும் நேரத்தில் இரண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்ற புருஷன் பெண்டாட்டி நாங்கள்தான். விடிந்ததும் கிளம்பிய அவசரத்தில் பாதிப் பேரிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

முதலில் பஞ்சர் ஒட்டிய ஐயாவுக்கு. ஈரோட்டில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். தார் ரோடு வேண்டாம், வாய்க்கால் கரையிலேயே போகலாம் என்று சொன்னது நான்தான். பாம்பு போன தடம் பார்த்து வெட்டிய வாய்க்கால் என்று எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்லும். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளம். கரையோடு சைக்கிளில் வந்தால் பாம்புக் கதையை நம்பத்தான் தோன்றுகிறது, அத்தனை வளைவு. ஒரு வளைவில் வாழை, அடுத்ததில் கரும்பு, அதையும் தாண்டினால் களத்தில் மஞ்சள் வேகிற வாசம். நின்று நின்றுதான் வந்தோம். பாசூர் தாண்டியதும் என் பின் டயர் தரையோடு உட்கார்ந்துவிட்டது.

கடையைச் சாத்திவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தீர்கள் ஐயா. எங்களைப் பார்த்ததும் மறுபடி திறந்தீர்கள். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டியதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. ஒரு பழந்துணியை டயருக்குள் விட்டு மெதுவாகச் சுற்றி வந்தீர்கள். ஓரிடத்தில் துணி சிக்கியது. அங்கே சீமைக்கருவேல முள்ளின் நுனி, அரிசி முனை அளவுகூட இல்லை. "இதை எடுக்காம உட்டா அடுத்த ஊர்ல மறுக்கா எறங்கோணும் சாமி" என்று சொல்லிக் குறடால் பிடுங்கி என் கையில் வைத்தீர்கள். காசு கொடுத்தபோது, "கூத்துப் பாக்கப் போறவங்ககிட்டக் காசு வாங்கோணுமா? நேரத்தோட போங்க" என்றீர்கள். அந்த ஒட்டு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

அப்புறம், வேப்பமரத்தடி வீட்டு ஆத்தாவுக்கு. சைக்கிளை எங்கே விடுவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருக்க, "ஏங் கண்ணு, அதுக்கென்ன, கட்டுத்தரையில நிறுத்துங்கோ" என்றீர்கள். கால் கழுவத் தண்ணீர் தந்து, கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு, அரிசியும் பருப்பும் சாதத்தில் நெய் ஊற்றிக் கொடுத்தீர்கள். நாங்கள் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான். ராத்திரிக்குக் குடிக்கச் சுக்குக் காப்பியும் தூக்குப்போசியில் ஊற்றித் தந்துவிட்டீர்கள்.

நாடகக்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். பகலெல்லாம் தறியிலும் தோட்டத்திலும் லாரியிலும் இருந்தவர்கள். படுதாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோது அண்ணன்மாரின் தங்கச்சி தங்காள் வேடம் கட்டிய தம்பி, "அக்கா, கொசுவம் நிக்கமாட்டேங்குதுங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். அம்மாவின் சேலையாம். கொசுவத்தை எடுத்துச் செருகி, என் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டேன். ஆம்பிளைத் தோள், மழித்த தாடையில் பவுடர், கண்ணில் மை. எனக்கு முன்னால் நின்றது யாரோ ஒரு தம்பிதான். விடிகாலையில் அதே சேலையோடு, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு, அண்ணன்மாரைத் தேடிப் படுகளத்துக்கு அழுதபடி வந்தபோது அந்தத் தம்பியை எங்கேயும் காணோம். தங்காள்தான் வந்தாள்.

நான் ஏன் இந்த நாடகத்துக்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஆத்தா கேட்டீர்கள். அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். சின்னப் பிள்ளையில் எங்கள் அம்மாயி மடியில் படுத்து அண்ணன்மார் கதை பார்த்திருக்கிறேன். தங்காள் கிளி கேட்கிறவரைக்கும்தான் முழித்திருப்பேன். உடுக்கைச் சத்தத்திலேயே தூங்கிப்போவேன். காலையில் வீட்டில் கண் விழித்ததும், "அண்ணன்மார் எந்திரிச்சிட்டாங்களா?" என்று கேட்பேன். "எந்திரிச்சிட்டாங்க கண்ணு" என்று அம்மாயி சொல்லும். ஒவ்வொரு வருஷமும் இதே கேள்விதான், இதே பதில்தான். அம்மாயி போய் 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. படுகளத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த வருஷம் நம் பக்கத்தில் நாடகம் என்று தெரிந்ததும், "கிளம்பு, சைக்கிளிலேயே போகலாம், இந்தத் தடவை தூங்க விடமாட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனால் நாலு மணிக்கு இருவருமே தூங்கிவிட்டோம். பனி இறங்கியிருந்தது. பக்கத்தில் போர்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியம்மா, உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. என் தோளைத் தட்டி, "அம்முணி, எந்திரி, தங்கா தண்ணி தெளிக்கப் போறா" என்றீர்கள். போர்வையில் பாதியை என் மேல் போட்டீர்கள்.

வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்கள் இருவரும். உடுக்கை மட்டும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. தங்காள் தீர்த்தம் தெளித்தாள். துணி அசைந்தது. திடல் முழுக்கக் குலவைச் சத்தம். அண்ணன்மார் எழுந்து தங்கச்சியிடம் நாலு வார்த்தை பேசினார்கள். நான் அழுது முடிப்பதற்குள் மறுபடி படுத்துவிட்டார்கள். எழுந்தவர்கள் திரும்பவும் போய்விடுவார்கள் என்று அம்மாயி எனக்குச் சொன்னதே இல்லை. பெரியம்மா, அப்போது என் கையைப் பிடித்தீர்கள், உங்கள் கை சில்லென்று இருந்தது. ஆட்டம் முடிகிறவரை விடவில்லை. உங்களைத்தான் கூட்டத்தில் தேடிக்கொண்டே நின்றேன், அதற்குள் போய்விட்டீர்கள்.

விடிந்ததும் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் குளித்தோம். 1908இல் கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர். சின்ன வயதில் ரயிலில் பாடிக்கொண்டு போன பிள்ளை பிற்பாடு மேடையை ஆண்டதாகச் சொல்வார்கள். படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது ஈரோட்டுப் பக்கம் ஒரு ரயில் போனது. ராத்திரி பார்த்த தங்காளின் அழுகை இன்னும் காதில் இருந்தது. இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

வேப்பமரத்தடி ஆத்தா, உங்கள் தூக்குப்போசி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வெறும் போசியாகத் திருப்பித் தரக்கூடாது, அதனால் ஒப்புட்டு சுட்டு எடுத்துக்கொண்டு சித்திரையில் வருகிறோம். அந்தப் பெரியம்மா யார் வீடு என்று மட்டும் அதற்குள் விசாரித்து வையுங்கள். அவருக்கும் எடுத்து வருவேன்.

உங்கள் அன்புள்ள,
ஈரோட்டுச் சைக்கிள்காரர்கள் இருவர்