மூன்று அங்குல வழி

பெரம்பூர்,
செப்டம்பர் 14

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறி இறங்குகிறாள், சொன்னால் கேட்பதில்லை. உன் குரலைக் கேட்டு ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறாய். வேலை இருக்கும்தான். எனக்குப் போனில் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் கடிதம். உன் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன்.

நம் ஃப்ளவர்ஹார்ன் மீன் சிங்காரத்தின் தொட்டியில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. ஆடி முடிந்து நீ போன மறுவாரம், வீடு வெறிச்சென்று இருந்ததால், கொளத்தூர் போய் அவனுக்கு ஒரு பெட்டை வாங்கி வந்தேன். ஆறு அங்குலம் இருப்பாள். பக்கவாட்டில் பூத்தது போல் கறுப்புப் புள்ளிகள், வயிற்றில் இளஞ்சிவப்பு. அவன் பத்து அங்குலம், நெற்றிப் புடைப்பு எலுமிச்சை அளவு. முதல் ஒரு வாரம் நடுவில் கண்ணாடி வைத்து இருவரையும் பார்க்கவிட்டேன். நீ நோட்டில் எழுதி வைத்தபடியே செய்தேன். அந்த நோட்டு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டே தினம் தண்ணீரைச் சோதித்து, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று கோடு போட்டு எழுதியவள் நீ. பட்டறை நண்பர்களிடம் அதைக் காட்டாத நாள் கிடையாது.

கண்ணாடியை எடுத்ததும் நன்றாகத்தான் இருந்தார்கள். சேர்ந்து நீந்தினார்கள், தட்டையான ஓட்டுத் துண்டை இருவரும் வாயால் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். அவள் முட்டையிட்டாள். இரண்டாம் நாள் முட்டைகள் வெளுத்துப் போயின. இந்த இனத்தில் ஆண் மலடாக இருப்பது உண்டு என்று நீ எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனே அந்த முட்டைகளைத் தின்றான். அன்று மாலையிலிருந்து அவளை விரட்ட ஆரம்பித்தான்.

முதலில் செவுளை விரித்துக் காட்டினான். பிறகு வாலால் அடித்தான். பிறகு வாயோடு வாய் கவ்வி இழுத்தான். கடைக்காரத் தம்பிக்குப் போன் செய்தேன். “ஜோடி சேரும்போது சண்டை சகஜம் ஐயா, போட்டி முடிந்ததும் அடங்கிவிடும், கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒருவர் பலத்தை ஒருவர் சோதித்துப் பார்த்துதான் இவை சேர்கின்றன. சண்டை இருதரப்பாக இருக்கும் வரைதான் அது பொருந்தும். ஒன்று மட்டும் அடித்து, மற்றது ஒதுங்கிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் வேறு. எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

சிங்காரம் நல்லவன் என்பது என் மனதில் பதிந்துவிட்டது. இரண்டு அங்குலக் குஞ்சாக உன் உள்ளங்கையில் வந்தவன். நான் விரலை நீட்டினால் வந்து உரசுவான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என்ன அறிவு, என்ன பாசம் என்பார்கள். அவனா இப்படிச் செய்வான்?

அம்மாதான் முதலில் பார்த்தாள். “அவள் சாப்பிடவே கீழே வருவதில்லை, பாருங்கள்” என்றாள். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில், தலை மேலாகச் சாய்ந்து அசையாமல் நின்றாள். துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். நிறம் வெளிறிப்போய், பூப் போன்ற அந்தப் புள்ளிகள் இருந்த இடமே தெரியவில்லை. கிட்டே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வால் துடுப்பு விசிறி மடங்கியது போல் கிழிந்திருந்தது. இடது பக்கம் செதில் உதிர்ந்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்த தோல். அந்தக் கண்ணிலும் பால் படர்ந்திருந்தது. அவன் தொட்டியின் நடுவில் நின்று, நான் வந்துவிட்டேன் என்று வாலை ஆட்டினான்.

அப்போதும் நான் பிரிக்கவில்லையம்மா. தீனியை இரண்டு வேளையிலிருந்து நான்கு வேளையாக்கினேன். மண்சட்டிகளையும் கற்களையும் இடம் மாற்றினேன், எல்லை குழம்பினால் கோபம் தணியும் என்று. விளக்கை அணைத்தேன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். ஒவ்வொன்றும் அரை நாள் பலித்தது. தோற்ற மீன் ஏரியில் பத்தடி ஓடினால் சண்டை முடிந்துவிடும், ஜெயித்தது திரும்பிப் போய்விடும். நாலடிக் கண்ணாடிக்குள் அவள் எங்கே ஓடினாலும் அவன் கண்ணுக்குள்ளேயேதான் நிற்க வேண்டும். ஓடி முடிக்க இடமில்லாத சண்டை ஓயாது. இது எனக்கு எட்ட ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அடி வாங்கியவள் அவள்.

நீ வேளைக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு படுக்காதே. போனை எப்போதும் சார்ஜ் போட்டு வை. ஏடிஎம் அட்டை உன் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பத்தாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். டியூப் லைட்டுக்கு அடியில் மாட்டுவார்களே, சதுரக் கண்ணி போட்ட பிளாஸ்டிக் தட்டி, அதை வாங்கி வைத்திருந்தேன். தொட்டியின் அளவுக்கு அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி, மேலும் கீழும் அக்ரிலிக் பட்டை கொடுத்து நிறுத்தினேன். தண்ணீர் தடையில்லாமல் இரு பக்கமும் ஓடும். முப்பத்திரண்டு வருடம் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் இரும்பை அறுத்த கை, இந்தப் பிளாஸ்டிக்கை அறுக்க நடுங்கியது. பிறகு கீழ் மூலையில், மண்சட்டிக்குப் பின்னால் மறைவாக, மூன்று அங்குல உயரம், ஒன்றே முக்கால் அங்குல அகலத்துக்கு ஒரு வழி வெட்டினேன். அவள் உடம்பு நுழையும். அவன் தலை நுழையாது. அவள் நினைத்தால் அந்தப் பக்கம் போகலாம், வேண்டாம் என்றால் இந்தப் பக்கம் வந்துவிடலாம். அவளைத் துரத்திக்கொண்டு அவனால் வர முடியாது.

255 லிட்டர் தொட்டிக்கு 250 கிராம் கணக்கில், அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து இரண்டு நாளில் பிரித்து ஊற்றினேன். மூன்றாம் நாள் மேலே வந்து ஒரே ஒரு உருண்டை தீனி எடுத்தாள். அம்மா கை தட்டிவிட்டாள். இப்போது கிழிந்த வாலின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதிதாக வளர்கிறது. கண்ணில் படர்ந்த பால் குறைந்திருக்கிறது. அவள் இன்னும் அந்த வழியாக ஒரு முறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

சின்ன வயதில் ரெட்டேரியில் ஜிலேபிக் கெண்டை பிடிப்போம் என்று உனக்குக் கதை சொல்லியிருக்கிறேன். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது, அதுவும் சிங்காரத்தைப் போல சிக்லிட் குடும்பம்தான் என்று நீ சொன்னபோது நான் நம்பவே இல்லை. அதன் தாய் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும், அத்தனை நாளும் இரை எடுக்காது. குஞ்சுகள் வெளியே நீந்தப் போன பிறகும், பயந்தால் திரும்பத் தாயின் வாய்க்குள்ளேயே ஓடிவரும். தாயும் வாயைத் திறக்கும். வலையில் தூக்கும்போது அந்தக் குஞ்சுகள் சிதறி விழுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தேன்மொழி, ஆடிக்கு வந்தபோது இன்னும் பத்து நாள் இருக்கிறேன் என்றாய். அம்மா இருக்கட்டும் என்றாள். மாப்பிள்ளை போன் செய்தார், மரியாதையாகத்தான் பேசினார். நான்தான் மறுநாளே தட்கலில் டிக்கெட் எடுத்து உன் கையில் கொடுத்தேன். முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும், நீ கொஞ்சம் அனுசரித்துப் போ என்றேன். அந்த வெயிலில் நீ முழுக்கை சட்டை போட்டிருந்தாய். சென்ட்ரலில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது உன் கையைப் பிடித்தேன், நீ வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். ரயில் கிளம்பிய பிறகு வீட்டுக்கு வந்து, பயணக் களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

நான் கேட்டிருக்க வேண்டும். பிளாட்பாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கல்யாணக் கடன், உன் சித்தப்பா வாய், தெருவில் நாலு பேர் என்று எதையெல்லாமோ நினைத்து, என் மகளை ரயிலில் ஏற்றிவிட்டேன். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ எதையும் விளக்க வேண்டாம். கடிதத்தில் எழுதவும் வேண்டாம்.

உன் அறையிலிருந்து தையல் மிஷினையும் அரிசி மூட்டையையும் எடுத்துவிட்டோம். மின்விசிறிக்குப் புது கண்டன்சர் போட்டிருக்கிறேன். பின்வாசல் சாவி பழைய இடத்திலேயே இருக்கிறது, உனக்குத் தெரியும். உன் பெயரில் இருக்கும் அஞ்சலக வைப்புப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. கிளம்பும்போது யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சான்றிதழ்களை மட்டும் எடுத்துக்கொள். எந்த ரயில் என்று ஒரு வரி அனுப்பினால் போதும். ராத்திரி இரண்டு மணியானாலும் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். இனி டிக்கெட் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

போனைச் சார்ஜ் போட்டு வை.

அப்பா