பயோ பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணினிக் கட்டளை வகுப்பு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

பதினோராம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவ மாணவியரின் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை தொடங்கிப் பத்து வாரம், காலை 10 மணி முதல் 12 மணி வரை, பள்ளிக் கணினி அறையில் பயோ பிரிவுப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் வகுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது. "டாக்டருக்கோ விவசாயத்துக்கோ படிக்கப் போற பிள்ளைக்கு இது எதுக்கு? அதுக்குத்தான் கம்ப்யூட்டர் குரூப் தனியா இருக்கே" என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

உயிரியல் இன்று மைக்ராஸ்கோப்போடு நிற்கவில்லை. மனித மரபுத்தொகுதி, அதாவது மனிதனின் மொத்த டி.என்.ஏ., மட்டும் சுமார் 300 கோடி எழுத்து; அட்டவணை போடும் எக்செல் மென்பொருள் ஒரு தாளில் ஏற்பது 10,48,576 வரிசைதான். எக்செல் கேட்காமலே திருத்தவும் செய்யும். 'செப்ட்2' என்று ஒரு மரபணு. அதைத் தட்டினால் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருந்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் மரபணுவின் பெயரையே 'செப்டின்2' என்று மாற்றினார்கள். கல்லூரிக்குப் போய் இத்தகைய கோப்புகளைக் கையாள வேண்டிவரக்கூடிய பிள்ளைகளுக்கு இங்கேயே கை பழகட்டும் என்பதே எங்கள் விருப்பம்.

பாடம் லினக்ஸ் டெர்மினலில் தொடங்கும். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள்; டெர்மினல் அதில் கட்டளை தட்டும் திரை. மவுஸ் இல்லை, கட்டளையைத் தட்ட வேண்டும். ஆங்கிலம் வராதே என்று தமிழ்வழிப் பிள்ளைகள் தயங்க வேண்டாம். அன்றாடம் வேண்டிய கட்டளைகள் பதினைந்துக்குள் அடங்கும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு எழுத்துச் சொற்கள். எந்த ஃபோல்டரில் நிற்கிறோம், அதில் என்ன இருக்கிறது, எப்படி இடம் மாறுவது என்பதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவோம். கோப்பின் பெயரில் இடைவெளி விடக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்வோம். 'நயினார்குளம் ஜனவரி' என்று பெயர் வைத்தால் டெர்மினல் அதை இரண்டு கோப்பாக நினைத்துக்கொள்ளும். நடுவே அடிக்கோடு (_) போட வேண்டும். 'ஆர்எம்' கட்டளையில் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான்.

அடுத்து, கடந்த தை மாதம் நயினார்குளத்திலும் கூந்தன்குளத்திலும் நம் இயற்கை மன்றப் பிள்ளைகள் எழுதிய பறவைப் பட்டியலை எடுப்போம். எந்தப் பறவை எத்தனை முறை பதிவாகியிருக்கிறது என்று 'யூனிக்' (uniq) கட்டளை எண்ணித் தரும். ஆனால் அது அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும். கூழைக்கடா, நாரை, மறுபடியும் கூழைக்கடா என்று பட்டியல் இருந்தால் கூழைக்கடாவை இரண்டு இடத்தில் ஒன்று, ஒன்று என்று காட்டும். முதலில் 'சார்ட்' (sort) போட்டு வரிசைப்படுத்திய பிறகே யூனிக் போட வேண்டும்.

வரிசைப்படுத்தியும் 'கொக்கு' இரண்டு வரியாக நிற்கலாம். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் பதிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் பதிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைதான் என்ற புரோகிராமிங் மொழியில் நீளம் கேட்டால் ஒன்று 6 என்றும் மற்றது 7 என்றும் வரும். பைதானில் ஒரே வரியில் இதைச் சீராக்கலாம். விண்டோஸில் தட்டிய பட்டியலாக இருந்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு இதே கோளாறைச் செய்யும். இவை எதற்கும் கணினி 'பிழை' என்று சொல்லாது, தப்பான எண்ணை அமைதியாகத் தந்துவிடும். இந்த வகுப்பில் நாங்கள் அதிக நேரம் செலவழிக்கப் போவது இதில்தான்.

அதனால்தான் டி.என்.ஏ. பாடத்துக்கு, விடை முன்பே தெரிந்த ஒன்றைத் தேர்ந்திருக்கிறோம்: மனித மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் ஆற்றல் தரும் உறுப்பு) மேற்கோள் வரிசை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க எல்லோரும் பயன்படுத்தும் டி.என்.ஏ. எழுத்து வரிசை. நீளம் 16,569. எண்ணித் தரும் 'டபிள்யூசி' (wc) கட்டளையைப் போட்டால் தலைப்பு வரியும், 70 எழுத்துக்கு ஒன்றாக வரும் 237 வரிமுடிவுகளும் சேர்ந்து எண் கூடிவிடும். அவற்றைக் கழித்து ஏ, சி, ஜி, டி நான்கையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் 16,568, ஒன்று குறையும். அது 3107ஆம் இடத்தில் இருக்கும் 'என்' என்ற எழுத்து. 1981இல் வெளியான வரிசையில் அங்கே ஓரெழுத்து கூடுதலாகப் பதிவாகியிருந்தது. 1999இல் திருத்தியபோது, மற்ற இடங்களின் எண்கள் மாறாமலிருக்க அந்த இடத்தை நீக்காமல் 'என்' என்று போட்டு வைத்தார்கள். பைதான் 0 என்று தொடங்கி எண்ணுவதால் அங்கே அதே இடம் 3106 ஆகும். இந்த ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வரிசைக் கோப்பு என்றால் என்னவென்று நன்றாகவே பிடிபட்டுவிடும்.

ஒரு விபத்து மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டியது. டி.என்.ஏ. கோப்பில் தலைப்பு வரி > குறியில் தொடங்கும். அதைத் தேட 'கிரெப்' (grep) கட்டளை போடும்போது குறியை மேற்கோளுக்குள் வைக்க மறந்தால், "விடையை இந்தக் கோப்பில் எழுது" என்று டெர்மினல் புரிந்துகொண்டு முதல் வேலையாகக் கோப்பைக் காலி செய்துவிடும். ஆகவே மூலக்கோப்பைத் தனி ஃபோல்டரில், படிக்க மட்டும் அனுமதி கொடுத்து வைத்து, நகலில்தான் வேலை செய்வோம்.

இனி வீட்டுக்கு. புது மடிக்கணினி வாங்காதீர்கள். அதற்காகக் கடன் வாங்கவே வேண்டாம். அண்ணனோ அக்காவோ வாங்கிய அரசு மடிக்கணினி ஓடுகிற நிலையில் இருந்தால் போதும். அதில் லினக்ஸ் இல்லையென்றால் பள்ளியிலேயே போட்டுத் தருகிறோம், உங்கள் மொபைல் டேட்டாவில் இறக்க வேண்டாம். கணினியே இல்லாத பிள்ளைகளுக்கு மாலை 4.30 முதல் 5.30 வரை கணினி அறை திறந்திருக்கும். கட்டளைகளை வேர்டில் எழுதி வைக்க வேண்டாம். மேற்கோள் குறி வளைந்துபோய், ஒட்டும்போது கட்டளை வேலை செய்யாது. ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள்: தட்டிய கட்டளை, வந்த விடை, அது சரியென்று எப்படிப் பார்த்தோம் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அந்த மூன்றாவதை மட்டும் பிள்ளையிடம் கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் கேட்கலாம்.

நீட் பயிற்சி நேரத்தில் இது குறுக்கிடாது. கார் நெல் அறுவடைக்காக ஒரு சனிக்கிழமை வர முடியாமல் போனால் முன்னதாகச் சொல்லியனுப்புங்கள், அந்தப் பாடத்தைத் திங்கள் மாலை நடத்தித் தருவோம். ஒப்புதல் சீட்டைக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மடிக்கணினி கொண்டுவரும் பிள்ளைகள் சார்ஜரையும் மறக்காமல் எடுத்துவரட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்