வெளிமாநில எல்க் வேட்டை உரிமங்களில் கூடுதல் கட்டணத்துக்கு ஒதுக்கிய பங்கைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கும் லாரி மெக்கானிக் ஒருவர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாண்புமிகு ஆளுநர் அவர்கள்,
வயோமிங் மாநிலம், செயென்.

பொருள்: வெளிமாநிலத்தாருக்கான எல்க் உரிமங்களில் 40 சதவீதத்தைக் கூடுதல் கட்டணப் பிரிவுக்கு ஒதுக்கும் விதியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் மாநிலத்தில் எனக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் 2016 முதல், உரிமம் கிடைத்த ஓர் ஆண்டைத் தவிர, ஆண்டுதோறும் வயோமிங்கில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடும் உரிமத்துக்கான முன்னுரிமைப் புள்ளிக்குப் பணம் கட்டி வருகிறேன். புள்ளி கூடக் கூட உரிமக் குலுக்கலில் முன்னே நிற்கலாம். அந்த உறவில்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

உள்ளூர்க்காரருக்கு முதலிடம் கூடாது என்று கேட்க நான் வரவில்லை. 1978-இல் மொன்டானா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. எல்க் வேட்டைக்கு உள்ளூர்க்காரரிடம் 9 டாலரும் வெளியூர்க்காரரிடம் 225 டாலரும் வாங்கிய மாநிலத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. பனிக்காலத்தில் வைக்கோல் போரைத் தின்றுவிட்டு வேலியை முறித்துக்கொண்டு போகும் மந்தையைப் பொறுத்துக்கொள்பவர்கள் உங்கள் மக்கள். உரிம எண்ணிக்கைக்கு வரம்புள்ள ஒதுக்கீட்டுப் பகுதிகளில் 84 சதவீத உரிமங்கள் அவர்களுக்கு, 16 சதவீதம் எங்களுக்கு என்பதில் எனக்குக் குறையில்லை. அந்த எங்கள் பங்கை, கூடுதல் கட்டணம் கட்டுவோர், சாதாரணக் கட்டணம் கட்டுவோர் என்று எங்களுக்குள் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதே என் முறையீடு.

2019-இல் மூன்று புள்ளிகளோடு, ஒதுக்கீட்டுப் பகுதி அல்லாத இடங்களுக்கான பொது எல்க் உரிமம் எனக்குக் கிடைத்தது. அக்டோபரில் என் அப்பாவும் நானும் இரண்டு நாள் வண்டி ஓட்டி பிரிட்ஜர்-டீட்டன் தேசியக் காட்டுக்கு வந்தோம். அப்பாவிடம் உரிமம் இல்லை. உடன் வந்தார், அவ்வளவுதான். ஆறாம் நாள் காலையில் ஒரு பெட்டை எல்க் கிடைத்தது. அதை அறுத்துத் துணிப்பைகளில் கட்டி, முழங்கால் பனியில் நான்கு நடை சுமந்தேன். பின்னந்தொடை ஒன்றே இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. கடைசி நடையில் விரல்கள் மரத்துப்போய் முதுகுப்பையின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை, அப்பாதான் கழற்றிவிட்டார். அந்த இறைச்சியை மறு வேனில் வரை எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தேதியும் மலையின் பெயரும் அப்பாவின் கையெழுத்தில் இருந்தன.

உரிமம் கிடைத்ததும் என் புள்ளிகள் பூஜ்யமாயின. மீண்டும் சேர்த்து இப்போது ஆறு. என் மகனுக்குப் பதினைந்து வயது. அவனும் அவன் தாத்தாவும் 2023 முதல் புள்ளி வாங்குகிறார்கள், ஆளுக்கு மூன்று. குழுவாக விண்ணப்பித்தால் புள்ளிகளின் சராசரிதான் கணக்கு. எங்களுடையது நான்கு. ஏழாண்டுகளுக்கு முன் மூன்று போதுமாக இருந்தது. இன்று நான்கு போதுமா என்பதே ஐயம்.

வரிசை ஏன் நீள்கிறது என்பது தாங்கள் அறியாதது அல்ல. இடாஹோவில் டிசம்பர் முதல் தேதி இணையத்தில் வரிசை நின்று, முந்தியவர் உரிமம் வாங்கிப் போனார். 2026 பருவத்துக்கு அதையும் குலுக்கலாக்கிவிட்டார்கள். கொலராடோவின் மேற்குப் பகுதியில் வெளிமாநில வில்வேட்டைக்காரர்கள் நேரே வாங்கி வந்த எல்க் உரிமம் 2025-இல் நின்றது. நியூ மெக்சிகோவில் வழிகாட்டி இல்லாத வெளிமாநிலத்தாருக்குக் குலுக்கலில் 6 சதவீதம்தான். ஒரு வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலில் ஏறத்தான் செய்யும். எந்த மாநிலத்தையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் மலையைத்தான் காக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆண்டுக்கு 200 உரிமங்கள், வரிசையில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். இன்று கடைசியில் நிற்பவர் ஐந்தாண்டு காத்திருப்பார். ஆண்டுதோறும் 300 பேர் புதிதாகச் சேர்ந்தால், ஐந்தாண்டு கழித்துச் சேர்பவர் ஏழரை ஆண்டு காத்திருக்க வேண்டும். இளையவர்கள் காத்திருக்கலாம். என் அப்பாவுக்கு வயது 76.

இந்த நெருக்கடியில்தான் கூடுதல் கட்டணப் பிரிவு எங்களைச் சுடுகிறது. வெளிமாநில எல்க் உரிமங்களில் 40 சதவீதம் அந்தப் பிரிவுக்குப் போகிறது. சாதாரணக் கட்டணம் சுமார் 700 டாலர். கூடுதல் கட்டணம் 1,268 டாலராக இருந்து, 2023-இல் நிறைவேறிய சட்டத்தால் 2024 முதல் 1,950 டாலர் ஆனது. இரண்டிலும் கிடைப்பது ஒரே உரிமம், ஒரே பருவம், ஒரே மலை. கூடுதல் பணம் வாங்கித் தருவது ஆள் குறைந்த வரிசையை மட்டுமே. அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே 3,900 டாலர், அதுவும் விண்ணப்பத்தோடு முன்பணமாக. என் வீட்டில் அது இரண்டு மாத வாடகைக்கு மேல். கட்ட முடிந்தவரிடம் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் காத்திருப்பதற்குத்தான் புள்ளி என்று சொல்லி எங்களிடம் ஆண்டுக்கு 52 டாலர் வாங்கும் மாநிலம், நூற்றுக்கு நாற்பது இடத்தைக் காசுள்ளவர் பக்கம் தனியே எடுத்து வைப்பது நியாயமாகப் படவில்லை.

வனவிலங்குத் துறைக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. துறையின் உரிமக் கட்டண வருவாயில் பெரும்பகுதி வெளிமாநிலத்தாரிடமிருந்துதான் வருகிறது. அதைச் சுமையாக நான் கருதியதே இல்லை. உள்ளூர்க்காரரின் எல்க் உரிமம் 57 டாலர். வருவாய் குறையுமென்றால் சாதாரணப் பிரிவில் எல்லோருக்கும் ஐம்பது, நூறு டாலர் ஏற்றுங்கள், முணுமுணுக்காமல் கட்டுவோம். எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

இன்னொரு கவலை. மூஸ் என்னும் மானினம், பெருங்கொம்பு ஆடு ஆகியவற்றின் உரிமங்களில் உள்ளூர்க்காரருக்கு 90, வெளியாருக்கு 10 என்று 2022-இல் சட்டம் மாறியது. 1990-களிலிருந்து புள்ளி சேர்த்தவர்களும், எத்தனை உரிமம் கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டினார்களோ அந்த எண்ணிக்கை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் சரிந்ததைப் பார்த்து நின்றார்கள். எல்க்குக்கும் அதே பிரிவினை வேண்டும் என்ற குரல் உங்கள் மாநிலத்தில் எழுவதை நான் அறிவேன். முடிவு உங்கள் மன்றத்துடையது. அப்படி மாற்றுவதானால் சில ஆண்டுகள் முன்னறிவிப்புத் தாருங்கள். ஏற்கெனவே வரிசையில் நிற்பவர் தம் புள்ளியைச் செலவிட அவகாசம் கிடைக்கும்.

வனாந்தரப் பகுதி விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாலையோ வாகனமோ இல்லாமல் கூட்டரசு காக்கும் வனாந்தர நிலத்தில் வெளிமாநிலத்தார் வழிகாட்டியோ உள்ளூர்க்காரர் துணையோ இல்லாமல் எல்க் வேட்டையாடக் கூடாது. அதே நிலத்தில் அதே ஆள் கூடாரத்தோடு தனியே பத்து நாள் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். பாதுகாப்புத்தான் காரணமென்றால் நடப்பவருக்கும் அது பொருந்த வேண்டும். இந்த விதியால் உரிமம் பெற்றவர்கள் மற்ற இடங்களில் வந்து குவிகிறார்கள். உங்கள் ஊர் வேட்டைக்காரர்களுக்கும் அதுவே தொல்லை.

எனவே, வெளிமாநில எல்க் உரிமங்களில் கூடுதல் கட்டணப் பிரிவின் பங்கை 40 சதவீதத்திலிருந்து படிப்படியாக 20 சதவீதமாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தைச் சட்டமன்றத்துக்குப் பரிந்துரைக்குமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். புள்ளி விதிகளில் எந்த மாற்றத்துக்கும் ஐந்தாண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும், வனாந்தர விதியை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பதையும் அத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மாநிலத்தின் வனவிலங்குப் பணிக்குழு 2021-இல் கூடியதைப் போல மீண்டும் ஒரு குழு அமையுமானால், வெளிமாநில விண்ணப்பதாரர் ஒருவரின் சாட்சியத்தையாவது கேளுங்கள். அழைத்தால் என் செலவில் செயென் வரை வருகிறேன்.

பிப்ரவரித் தொடக்கத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். மூவரும் சாதாரணப் பிரிவில் விண்ணப்பிக்கிறோம். மே மாதம் முடிவு வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்