மூவாயிரமும் இரண்டாயிரமும்

கோவில்பட்டி
9.11.2025

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்கிறாள். ஆபீஸ் விலாசத்துக்குத்தான் போடுகிறேன். வீட்டுக்கு வந்தால் மருமகள் என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவாள். பயப்பட ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. மூன்றாம் தேதி மூவாயிரம், ஏழாம் தேதி இரண்டாயிரம். நோட்டில் எழுதிவிட்டேன். இரண்டாயிரம் வேறு யாரோ ஒருவர் பெயரில் வந்திருந்தது. அம்மா கேட்டாள். பேங்கில் ஏதோ கோளாறு, கூட இருப்பவர் போனில் இருந்து அனுப்பியிருப்பான் என்று சொன்னேன். சரிதானே?

விலைவாசி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே இப்படி என்றால் மேடவாக்கத்தில் எப்படி இருக்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 2022-இல் ஒரே நாளில் லிட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் ஏறி அறுபதானது. அதோடு அம்மா சாயங்காலக் காபியை நிறுத்திவிட்டாள். பித்தம் என்று சொல்கிறாள். பித்தமெல்லாம் இல்லை. வீட்டு வாடகை, பாப்பாவுக்கு ஸ்கூல் பீஸ், வேன் பீஸ், அந்தக் காருக்குத் தவணை. காரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் வாங்கினான் என்பதற்காக நாமும் வாங்க வேண்டுமா என்று அன்றைக்கே சொன்னேன், நீ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதனால் இப்போது சொல்லவில்லை.

பொதுவாக ஒரு விஷயம். உனக்கென்று இல்லை. பெரியத்தை மகன் கிரெடிட் கார்டில் மாட்டிக்கொண்டு போன மாதம் என்னிடம் வந்து உட்கார்ந்தான். மாதாமாதம் மினிமம், அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, அதை மட்டும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறான், ஆனால் கடன் குறையவே இல்லை. ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாக்கி ஐம்பதாயிரம். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதம், 315 ரூபாய். ஆக 2,065. அவன் கட்டிய மினிமம் 2,500. அசலில் கழிந்தது வெறும் 435 ரூபாய்! இதில் அதே கார்டில் மளிகையும் வாங்கியிருக்கிறான். முழுப் பாக்கியையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் புளிக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். அது அவனுக்குத் தெரியவில்லை. எம்.காம். படித்தவன்.

அதனால் மினிமம் மட்டும் கட்டக் கூடாது. முடிந்ததை எல்லாம் சேர்த்து அதில்தான் முதலில் கொட்ட வேண்டும். உன்கூட வேலை பார்ப்பவர்கள் யாராவது இப்படி இருந்தால் சொல்லு. ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டில் எடுக்கக் கூடாது. போனில் ஐந்து நிமிஷத்தில் தருகிறேன் என்கிறவன் பக்கமே போகக் கூடாது. வீட்டில் நகை இருந்தால் பேங்கில் வைத்துக் கடனை அடைக்கலாம், அந்த வட்டி இதில் கால்வாசிதான் வரும். நகையை வைப்பது கேவலம் இல்லை. வைத்ததை வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான்.

நான் கண்டக்டராக இருந்தபோது பையில் காசு குறைந்தால் கைக்காசு போட்டுத்தான் கட்டியாக வேண்டும். ராத்திரி டிப்போவில் போய் எண்ணிப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. நான் வழியில் சாத்தூரிலேயே ஒரு தடவை எண்ணிவிடுவேன். அங்கே குறைந்தால் அது பத்து ரூபாயோடு போகும். நீயும் பதினைந்தாம் தேதி ஒரு தடவை எண்ணிப் பார். மாதக் கடைசியில் எண்ணாதே. அப்புறம் அந்த மினிமம் விஷயத்தை மறக்காதே.

பாப்பாவின் செல்வமகள் கணக்கில் இந்த வருஷம் இன்னும் ஒன்றும் விழவில்லை. பாஸ்புக் போடப் போன இடத்தில் பார்த்தேன். வருஷத்துக்கு 250 ரூபாயாவது கட்டாவிட்டால் கணக்கு நின்றுவிடும், பிறகு ஐம்பது ரூபாய் அபராதத்தோடு கட்ட வேண்டும். நான் கட்டிவிட்டேன். மறந்திருப்பாய். போன வருஷம் வரை மாதம் இரண்டாயிரம் போட்டுக்கொண்டிருந்தவன் நீ. நம் தெருவில் முதன்முதலில் வருமான வரி கட்டியது நீதான் என்று இன்னும் டீக்கடையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தீபாவளிக்கு லீவு இல்லை என்றாய். திங்கட்கிழமை தீபாவளிக்கு எந்தக் கம்பெனியில் தம்பி லீவு இல்லை? அம்மா சுட்ட முறுக்கு டின்னோடு அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய், 1998. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி, மூன்று வட்டி தருகிறேன் என்ற பைனான்ஸில் போட்டிருந்தேன். நடுவில் ஒரு வட்டி சும்மா வருகிறதே என்று பெரிய புத்திசாலி நினைப்பு. அந்தச் சமயம் தமிழ்நாடு முழுக்க அப்படிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு ஓடின. என்னுடையதும் ஓடியது. டெபாசிட் போட்டவர்களைக் காப்பாற்ற முந்தின வருஷமே சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. கடன் கொடுத்தவன் டிப்போ வாசலுக்கே வர ஆரம்பித்தான்.

அம்மாவின் நாலு பவுன் சங்கிலியில் கண்ணி விட்டிருக்கிறது, பற்றவைத்துக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிப் போனேன். உன்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனேன். அடகுக்கடைத் திண்ணையில் உன்னை உட்கார வைத்து, கையில் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் பிக்பாக்கெட் அடித்துவிட்டான் என்று வீட்டில் நான் சொன்னபோது நீ அம்மா பக்கத்திலேதான் நின்றாய். என் முகத்தைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அப்போது பவுன் மூவாயிரத்துச் சொச்சம். திருப்பவே முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. இப்போது பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. டி.வி.யில் விலை சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

சங்கிலியை விடு. அந்தத் திருடன் கை அழுகிப் போகட்டும் என்று அம்மா எத்தனை வருஷம் சாபம் விட்டாள்! சாப்பிடும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டாய். இருபத்தேழு வருஷமாக நீ அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை என்று சந்தோஷப்பட்டவன்தான் நான். இப்போது மூவாயிரமும் இரண்டாயிரமும் தனித்தனியாக வருகிறபோதுதான் உனக்கு நான் எதைப் பழக்கியிருக்கிறேன் என்று தெரிகிறது. வீட்டில் சொல்லாமல் சமாளிப்பது எப்படி என்று அந்தத் திண்ணையில் கற்றுக்கொடுத்துவிட்டேன். மருமகளுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

போஸ்ட் ஆபீஸில் சீனியர் சிட்டிசன் கணக்கில் நாலு லட்சம் கிடக்கிறது. வருஷத்துக்கு 8.2 வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,200 வருகிறது. 2023-இல் போட்டது. இரண்டு வருஷம் தாண்டிவிட்டதால் இப்போது எடுத்தால் ஒரு சதவீதம், நாலாயிரம் ரூபாய், பிடிப்பார்கள். பிடித்தால் பிடிக்கட்டும். எட்டு வட்டி வாங்கிக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்க, நீ அங்கே நாற்பது வட்டி கட்டினால் அது என்ன கணக்கு? எவ்வளவு என்று மட்டும் சொல். யாரிடம், எதற்கு என்று கேட்க மாட்டேன். கேட்பேன், ஆனால் பிறகு.

அடுத்த மாதம் பணம் அனுப்பாதே. அம்மா கேட்டால் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். பார், திரும்பவும் அதே புத்தி. சரி, அவளிடம் வேறு ஏதாவது யோசிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போவாள். முழங்கால் வலியோடு நடந்து போய்த் திரும்ப ஏழரை ஆகிவிடும். அதுவரை போன் என் கையில்தான் இருக்கும்.

இப்படிக்கு
அப்பா

முறுக்கைக் கூரியரில் அனுப்பச் சொல்கிறாள் அம்மா. நொறுங்கிவிடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்.