தண்டிக்கும் முன் கவனியுங்கள்: பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பாலியல் கொடுமைக்கு உள்ளாகும் குழந்தைகளில் பலர் அதை அப்போதே வாய்திறந்து சொல்வதில்லை. ஆண்டுகள் பல கழித்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் நடத்தையில் தெரியும் மாற்றம் பல நேரங்களில் ஒழுங்கீனம் என்றோ சோம்பல் என்றோ கணக்கு எழுதப்பட்டுவிடுகிறது.

கடைசி மணி அடித்த பின்னும் வீட்டுக்குக் கிளம்ப மனமின்றிப் பையைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பது, விளையாட்டு வகுப்புக்கு உடை மாற்ற மறுப்பது, காரணம் பிடிபடாத வயிற்றுவலி, குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கேட்டதும் முகம் இறுகிவிடுவது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, யார் கொடுத்தது என்று சொல்ல மறுக்கும் கைபேசி என இவற்றுள் எதுவும் தனித்து நின்று எதையும் மெய்ப்பிக்காது. வீட்டுச் சண்டையோ நெருங்கியவரின் மரணமோகூட இவற்றிற் சிலவற்றுக்குக் காரணமாகலாம். எந்த மாற்றமும் வெளித்தெரியாத குழந்தைகளும் உண்டு. மருத்துவப் பரிசோதனையில் பெரும்பாலும் காயம் எதுவும் தென்படாது என்பதால், அதை வைத்துச் சந்தேகத்தைக் கைவிடவும் முடியாது.

உடை மாற்ற மறுப்பதை விளையாட்டு ஆசிரியர் பார்க்கிறார், வயிற்றுவலியை முதலுதவி அறையில் இருப்பவர் பார்க்கிறார், கைபேசியை வகுப்பாசிரியர் பார்க்கிறார். மூவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ள வாய்ப்பே அமைவதில்லை. என் கோரிக்கை இங்கிருந்துதான் எழுகிறது. பயிற்சி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கண்டதைத் தேதியிட்டு அவரிடம் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை, ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் உட்பட அனைவருக்கும் ஏற்படுத்துங்கள்.

பெரியவர்களையும் கவனிக்க வேண்டும். குற்றம் இழைப்பவர் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவரே. பெற்றோரின் நன்மதிப்பைத் தேடிக்கொண்டு, ஒரே பிள்ளைக்குப் பரிசு, தனிச் சலுகை, 'இது நமக்குள் இருக்கட்டும்' என்ற ரகசியம் என்று படிப்படியாக நெருங்குபவர். அவர் உங்கள் ஊழியராகவும் இருக்கக்கூடும். பள்ளியின் பெயர் கெடுமே என்று அத்தகைய புகாரை உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பது, அவருக்கு அடுத்த குழந்தையைக் காட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

குழந்தை பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது சொன்ன சொற்களை மாற்றாமல் குறித்துக்கொண்டு, துருவிக் கேட்பதையும் சந்தேகிக்கப்படுபவரை எதிரே நிறுத்துவதையும் தவிர்த்து, உரிய அதிகாரிகளிடம் உடனே தெரிவியுங்கள். மறுநாளே 'சும்மா சொன்னேன்' என்று குழந்தை பின்வாங்கினாலும் புகாரைத் திரும்பப் பெறாதீர்கள். அச்சுறுத்தலும் குடும்ப நெருக்குதலும் அப்படிச் சொல்ல வைப்பதுண்டு.

1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, கொடுமையைத் தடுப்பதோடு அதை அடையாளம் காண்பதற்கும் தெரிவிப்பதற்கும் வழிமுறைகள் வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியில் அந்த வழிமுறை யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்