லவுட்னஸின் இரண்டு குரல்களும் வேண்டும்

ஜப்பானிய ஹெவி மெட்டலின் மாஸ்டர் டேப்புகளை (மூல ஒலிநாடாக்களை) வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நிறுவனங்களுக்காகப் பாடிப் பதிவு செய்த குழு லவுட்னஸ். அதனால் எந்த ஒரு நிறுவனத்தையும் பெயர் சொல்லி அழைக்காமல், அந்தப் பதிவுகளுக்குப் பொறுப்பான உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். இந்தக் குழு ஜப்பானிய மொழியில் பாடியதையும் ஆங்கிலத்தில் பாடியதையும் இரண்டு தனிப் படைப்புகளாக மதியுங்கள். இரண்டும் அதனதன் பெயரோடும் முழு விவரத்தோடும் எப்போதும் கிடைக்கட்டும். ஜப்பானியப் பதிவு ஆங்கிலப் பதிவின் வாலில் ஒட்டும் போனஸ் சமாச்சாரமாக ஆகிவிடக் கூடாது.

ஜப்பானுக்கு வெளியே இருக்கும் பெரும்பாலான ரசிகர்களுக்கு லவுட்னஸ் 1985-இல்தான் பிறக்கிறது. 'தண்டர் இன் தி ஈஸ்ட்' ஆல்பம், அதில் 'கிரேஸி நைட்ஸ்', அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 74-ஆம் இடம். இதைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அதற்கு முன்பே நான்கு ஸ்டுடியோ ஆல்பங்களும் ஒரு நேரடி ஆல்பமும் வந்துவிட்டன என்பதைச் சொன்னால் வியப்பாகக் கேட்கிறார்கள். என் கணக்கில் இந்தக் குழுவின் உயிர் அந்த ஐந்தில்தான் இருக்கிறது.

கதை ஒசாகாவில் தொடங்குகிறது. கிட்டார் கலைஞர் அகிரா தகாசாகியும் டிரம்மர் முனேதாகா ஹிகுச்சியும் முதலில் லேஸி என்ற குழுவில் இருந்தார்கள். இங்கிலாந்து ராக் குழுவான டீப் பர்ப்பிளின் பாடல் ஒன்றிலிருந்து பெயர் எடுத்த பையன்கள். ஆனால் 1977-இல் அறிமுகமானபோது அவர்களுக்குக் கிடைத்தது ஐடல் பாப் குழு வேஷம். பளபளப்பான உடை, ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லப்பெயர், இளம்பெண்களுக்கான பாட்டு. 1978-இல் அப்படி ஒரு பாட்டு பெரிய ஹிட்டும் ஆனது. உள்ளுக்குள் வாசிக்க விரும்பியது வேறு, மேடையில் வாசித்தது வேறு. 1980 இறுதியில் வந்த ஆல்பத்தில் கனமான ராக்கை வெளிப்படையாகவே கையில் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு குழு கலைந்தது. பாடகர் ஹிரோனோபு ககேயாமா பிற்பாடு 'டிராகன் பால் இசட்' தொடரின் முகப்புப் பாடலைப் பாடி உலகம் முழுக்கத் தெரிந்த குரலானார். தகாசாகியும் ஹிகுச்சியும் மெட்டல் பக்கம் போனார்கள்.

எர்த்ஷேக்கர் குழுவில் பாடிக்கொண்டிருந்த மினோரு நீஹாரா வந்தார். தகாசாகியின் பால்ய நண்பர் மசயோஷி யமாஷிதா பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டார். 1981 நவம்பரில் நிப்பான் கொலம்பியா வழியாக 'தி பர்த்டே ஈவ்' வெளிவந்தபோது தகாசாகிக்கு வயது 20. 1982-இல் 'டெவில் சோல்ஜர்'. 1983 தொடக்கத்தில் 'தி லா ஆஃப் டெவில்ஸ் லேண்ட்'. அதே ஆண்டில் டோக்கியோ நேரடி நிகழ்ச்சியின் இரட்டை ஆல்பம். 1984 தொடக்கத்தில், லண்டனில் பதிவு செய்த 'டிஸில்யூஷன்'. இடையில் தகாசாகியும் ஹிகுச்சியும் ஆளுக்கொரு தனி ஆல்பம் போட்டார்கள். பாடகி மாரி ஹமடாவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்ததும் ஹிகுச்சிதான். மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு.

இந்த ஆல்பங்களில் தகாசாகியின் கிட்டாரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். நட்சத்திர வடிவ கிட்டாரை வைத்துக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் கழுத்துப் பலகையைத் தட்டி அவர் வாசிப்பதைக் கேட்டு கிட்டார் பழக ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நீஹாராவின் குரல். ஜப்பானிய மொழியில் அநேகமாக எல்லா அசையும் உயிரொலியில் முடியும். அதனால் வரியின் கடைசி அசையை அவர் இழுக்கும்போது வாய் மூடவே வேண்டியதில்லை. குரல் திறந்தபடியே மேலே ஏறும், அங்கே ஒரு நடுக்கம் எடுக்கும், பிறகு அப்படியே கீழே இறங்கும். அந்த நடுக்கம் இங்கிலாந்து மெட்டல் பாடகர்களிடம் கற்றுக்கொண்டதாக எனக்குப் படவில்லை. ஜப்பானின் பழைய ஜனரஞ்சகப் பாடல்களில் கேட்கும் ஏக்கம் அது. 'டெவில் சோல்ஜர்' ஆல்பத்தின் மெதுவான இடங்களில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். மெட்டல் என்ற கனமான சட்டகத்துக்குள் அந்த ஏக்கத்தைக் கொண்டுவந்ததுதான் லவுட்னஸ் உலகத்துக்குத் தந்த புதுச் சரக்கு. வேகம் வேறு குழுக்களிடமும் இருந்தது.

'டிஸில்யூஷன்' இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஜப்பானியப் பதிவு வந்த அதே 1984-இல், நீஹாரா ஆங்கிலத்தில் பாடிய பதிவும் வந்தது. 'கிரேஸி டாக்டர்' பாடலை இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, அதே கம்பீரம்தான். ஆனால் ஜப்பானிய வரிகள் டிரம்ஸோடு சேர்ந்து ஓடுகின்றன. ஹிகுச்சி ஸ்னேர் டிரம்மில் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஓர் அசை வந்து உட்கார்கிறது. ஆங்கிலத்தில் மெய்யொலிகள் குறுக்கே வந்து விழ, குரல் தாளத்தை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் போராட்டத்தில் ஒரு முரட்டு அழகு உண்டு, அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு நடிப்புகள், வெவ்வேறு பாடல்கள் என்றே சொல்வேன்.

'ஏரிஸ் லமென்ட்' இன்னும் நல்ல உதாரணம். லவுட்னஸின் மெதுவான பாடல்களில் இதற்கு மேல் எனக்கு ஒன்று கிடையாது. அதில் தகாசாகியின் சோலோ வேகத்தைக் காட்டுவதற்காக வரவில்லை. பாடகர் விட்ட இடத்தில் அழுகையைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே போகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து 1987-இல் 'ஹரிக்கேன் ஐஸ்' ஆல்பத்துக்காக இதே பாடலைத் திருத்தி, 'ஸோ லோன்லி' என்று வேறு பெயரில், வேறு ஆங்கில வரிகளில் மறுபடி பதிவு செய்தார்கள். அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் எடி கிரேமர், கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஒலிப்பதிவாளர். அமெரிக்க வானொலிக்கு ஏற்றபடி ஓரங்கள் மழுங்கிய பதிவு 'ஸோ லோன்லி'. 'ஹரிக்கேன் ஐஸ்' ஆல்பத்துக்கும் ஜப்பானிய வடிவம் தனியாக உண்டு. ஆக ஒரு மெட்டு, பல உடல்கள். அமெரிக்கச் சந்தை ஒரு ஜப்பானியக் குழுவிடம் என்ன கேட்டது, குழு எதைக் கொடுத்தது, எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதெல்லாம் இந்தப் பதிவுகளுக்கு நடுவேதான் இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதன் அர்த்தமும் போய்விடும்.

1986 ஆல்பத்தின் கதையும் இதுதான். ஜப்பானில் அதன் பெயர் 'ஷேடோஸ் ஆஃப் வார்'. அமெரிக்காவில் 'லைட்னிங் ஸ்ட்ரைக்ஸ்', பில்போர்டில் 64-ஆம் இடம். பாடல் வரிசையே வேறு. ஜப்பானில் ஆல்பத்தைத் திறந்து வைக்கும் தலைப்புப் பாடல், அமெரிக்கப் பதிப்பில் 'ஆஷஸ் இன் தி ஸ்கை' என்று பெயர் மாறி நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. போரின் நிழலோடு தொடங்கும் ஆல்பத்துக்கும் 'லெட் இட் கோ' என்ற துள்ளலோடு தொடங்கும் ஆல்பத்துக்கும் மனநிலையே வேறில்லையா? பழைய தட்டு ஒன்றை ஜப்பானியப் பதிப்பு என்று நம்பி வாங்கி, பிரித்துப் பார்த்தால் ஆங்கிலப் பதிப்பு இருந்த ஏமாற்றம் எனக்கும் நடந்திருக்கிறது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது. 'டிஸில்யூஷன்' போல ஒரே பெயரில் இரண்டு பதிவுகள் உலவும்போது, எது எது என்று உறையில் தெளிவாகப் போட்டிருந்தால்தான் அவருக்கும் தெரியும்.

'தண்டர் இன் தி ஈஸ்ட்' ஆல்பத்தை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸின் சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் மேக்ஸ் நார்மன் தயாரித்த அந்த ஒலி இன்றைக்கும் நெஞ்சில் இடிக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க மெட்டல் குழுவான மோட்லி க்ரூவோடு அமெரிக்க மேடைகளில் ஏறியது சின்ன விஷயமும் இல்லை. அந்தக் கதவு திறந்ததால்தான் சப்போரோவிலிருந்து வந்த ஈஇசட்ஓ போன்ற குழுவும் 1987-இல் அமெரிக்காவில் ஆல்பம் போட முடிந்தது என்பது என் எண்ணம். என் வருத்தமெல்லாம் அந்தக் கதவுக்கு முந்தைய வீட்டைப் பற்றியதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 இறுதியோடு நீஹாரா வெளியே போனார். அமெரிக்கரான மைக் வெசேரா பாட வந்தார், 1989-இல் 'சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்' வந்தது. 1991-இல் வந்த 'ஆன் தி ப்ராவுல்' பெரும்பாலும் பழைய ஜப்பானியப் பாடல்களை ஆங்கிலத்தில் மறுபடி பாடிய ஆல்பம். 'இன் தி மிரர்' கூட அதில் வேறு உடுப்பில் வருகிறது. பிறகு ஈஇசட்ஓவின் மசாகி யமாடா பாடினார், எக்ஸ் என்ற ஜப்பானிய ராக் குழுவிலிருந்து தைஜி பேஸ் வாசிக்க வந்தார். ஹிகுச்சியும் யமாஷிதாவும் விலகிய காலம் அது. தொண்ணூறுகளில் தகாசாகி மட்டும் பெயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்துப் பதிவுகள் இருண்டவை, கடினமானவை. அவற்றுக்கும் ஆதரவாக ஒரு நாள் யாராவது எழுத வேண்டும். 2001-இல் முதல் நால்வரும் மீண்டும் சேர்ந்தார்கள்.

2008 நவம்பர் 30 அன்று கல்லீரல் புற்றுநோயால் ஹிகுச்சி காலமானார். வயது 49. மறு ஆண்டு வந்த 'தி எவர்லாஸ்டிங்' ஆல்பத்தில் அவர் விட்டுச் சென்ற டிரம்ஸ் பதிவுகளின் மேல்தான் மற்ற மூவரும் வாசித்தார்கள். அவர் இறந்த பிறகும் அவர் கைத்தாளத்துக்கு நண்பர்கள் வாசிக்க முடிந்ததென்றால், காரணம் ஒன்றுதான். அந்த டிராக்குகள் தனித்தனியாக, ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டிருந்தன.

அதனால்தான் நாடாக்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன். 1980-களின் காந்த நாடாக்களில் பல, காற்றின் ஈரத்தை உறிஞ்சி அவற்றின் பூச்சு பிசுபிசுப்பாகிவிடும் வகையைச் சேர்ந்தவை. அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து ஒலியும் அதோடு போகும். மிதமான சூட்டில் பல மணிநேரம் வைத்து உலர்த்தி, ஒலி நிற்கும் கொஞ்ச காலத்துக்குள் டிஜிட்டலுக்கு மாற்றியாக வேண்டும். உங்கள் பொறியாளர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். தீயும் சும்மா விடுவதில்லை. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகம் எரிந்தபோது மாஸ்டர் டேப்புகளும் சேர்ந்து அழிந்தன. அந்தச் செய்தியின் முழு அளவு வெளியே வர 2019 ஆனது. என்ன போயிற்று என்று தெரிந்துகொள்ளவே ரசிகர்கள் 11 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. ஒவ்வொரு வடிவத்தின் மல்டிடிராக் நாடாவையும் (ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாகப் பதிவானது) எல்லாம் சேர்ந்த கலவை நாடாவையும் தனித்தனியாக டிஜிட்டலாக்கி, வேறு வேறு ஊர்களில் பிரதி வையுங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லையென்று சொன்னால் போதும், தாங்கிக்கொள்வோம். மறுவெளியீடு செய்யும்போது 'ஜப்பானிய வடிவம், 1984', 'ஆங்கில வடிவம், 1984' என்று ஆல்பத்தின் பெயரோடு சேர்த்தே போடுங்கள். ஸ்ட்ரீமிங்கிலும் அப்படியே. ஒலிப்பதிவாளர், ஸ்டுடியோ, கலவை செய்தவர் பெயர்கள் இல்லாமல் எந்தப் பதிவையும் வெளியே விட வேண்டாம். ஜப்பானிய வரிகளை ஜப்பானிய எழுத்திலும், பாடிப் பார்க்க உதவும் ஒலிபெயர்ப்பிலும், பொருளோடும் தாருங்கள். பொருள் தெரியாமலே பல ஆண்டுகள் கூடப் பாடிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருக்கிறோம். அந்தப் புத்தகம் கையில் கிடைத்தால் அதற்கான விலையைக் கொடுத்தே வாங்குவோம்.

2015-இல் 'தண்டர் இன் தி ஈஸ்ட்' ஆல்பத்தின் 30-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. மகிழ்ச்சி. 2016-இல் குழுவே முதல் மூன்று ஆல்பங்களின் பாடல்களை எடுத்து 'சம்சாரா ஃப்ளைட்' என்று மறுபடி வாசித்துப் பதிவு செய்தது. அந்தப் பாடல்கள் தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவர்களே அதில் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஹிகுச்சி வாசித்த முதல் பதிவுகள் உங்களிடம்தான் இருக்கின்றன.

'தி பர்த்டே ஈவ்' வெளிவந்து 2031 நவம்பரில் 50 ஆண்டு முடிகிறது. அதற்குள் முதலில் 'டிஸில்யூஷன்' இரண்டு வடிவங்களையும் ஒரே பெட்டியில், சமமான இடத்தோடு கொண்டுவாருங்கள். அடுத்து 1986 ஆல்பம், அப்புறம் 'ஹரிக்கேன் ஐஸ்'. இந்த வரிசையில் ஒன்றையாவது தொடங்கிவிட்டீர்கள் என்று அறிவித்தால், மற்ற நாட்டு ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டு வரிகளின் மொழிபெயர்ப்புக்கு உழைக்க நான் தயார்.

அன்புடன்,
ஒரு லவுட்னஸ் ரசிகன்