பிடித்த படம் எகிறக் கூடாது: கருவித்தொகுப்பு ஆவணங்களை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்க்டாப் நிரல்களில் விண்டோ, பொத்தான், படம் எல்லாம் காட்ட உதவும் வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்புகளின் ஆவணங்களையும் எடுத்துக்காட்டுகளையும் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன். விண்டோவுக்குள் இருக்கும் ஒரு படத்தை மவுஸால் பிடித்து இழுப்பது எப்படி என்று காட்டும் எடுத்துக்காட்டை முழுசாக எழுதிக் கொடுங்கள். இப்போது பல இடங்களில் அது பத்துப் பன்னிரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. மீதியைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பீர்கள். அவர் பார்த்துக்கொள்வதில்லை. உங்கள் பத்து வரியை அப்படியே எடுத்து ஒட்டி, அதன் மேல்தான் தன் நிரல் முழுவதையும் கட்டுகிறார்.

நிரல் எழுதப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓய்வு நேரத்தில் கைகொடுத்து வருகிறேன். போன மாதம் ஒரு மாணவி தான் எழுதியதைக் காட்டினாள். குடும்பப் படங்களை ஒரு பெரிய பலகையில் பரப்பி, இழுத்து இழுத்து அடுக்கிக்கொள்ளும் சின்ன நிரல். நன்றாகவே எழுதியிருந்தாள். "அண்ணா, பிடிச்ச உடனே படம் ஒரு எகிறு எகிறுது. என் மவுஸ்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள். வேறு மவுஸ் மாற்றிக்கூடப் பார்த்துவிட்டாளாம். நிரலைத் திறந்து பார்த்தேன். ஒரு கருவித்தொகுப்பின் அறிமுகப் பாடத்தில் இருந்ததை வரி மாறாமல் எழுதியிருந்தாள். தவறு பாடத்தில் இருந்தது. அது தெரியாமல் தன்னையும் மவுஸையும் சந்தேகப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் இந்த மடல்.

அவள் திரையில் நடந்ததை எண்களோடு சொல்கிறேன். 120 பிக்சல் அகலம், 80 பிக்சல் உயரம் உள்ள ஒரு படம். அதன் இடது மேல் மூலை (200, 150) என்ற இடத்தில் இருக்கிறது. படத்தின் நடுவை ஒட்டி, (275, 190) என்ற இடத்தில் மவுஸை அழுத்துகிறாள். கையை மூன்று பிக்சல் வலப்பக்கம், ஒரு பிக்சல் கீழே நகர்த்துகிறாள். மவுஸ் இப்போது (278, 191)-இல் இருக்கிறது. பாடத்தில் இருந்த வரி, மவுஸ் இருக்கும் இடத்தையே படத்தின் புது இடமாக வைக்கச் சொல்கிறது. அவ்வளவுதான், படத்தின் மூலை (278, 191)-க்குப் போய்விட்டது. கை நகர்ந்தது மூன்று பிக்சல், படம் நகர்ந்தது 78 பிக்சல். நடுவில் பிடித்த படம், மூலையில் பிடித்த படமாகிவிட்டது.

இதற்கு மருந்து ஒரே ஒரு கழித்தல். அழுத்தும் நொடியில், மவுஸின் இடத்திலிருந்து படத்தின் இடத்தைக் கழித்து வைத்துக்கொள்ள வேண்டும். 275-இல் 200 போனால் 75, 190-இல் 150 போனால் 40. படத்தை எந்த இடத்தில் பிடித்தோம் என்பதற்கான கணக்கு இது. பிடிப்புத் தூரம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்புறம் மவுஸ் எங்கே போனாலும் அதிலிருந்து இந்தத் தூரத்தைக் கழித்தால் படத்தின் புது இடம் வந்துவிடும். 278-இல் 75 போக 203. 191-இல் 40 போக 151. கை நகர்ந்த அளவுதான் படமும் நகர்ந்திருக்கிறது. மொத்தத்தில் கூடுவது இரண்டு மூன்று வரி.

சில கருவித்தொகுப்புகளில் இந்தக் குறை கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. டிகே (Tk) என்ற கருவித்தொகுப்பின் கேன்வாஸில், அதாவது படங்களை வைக்கும் பலகையில், படத்தின் இடம் என்பது, நாம் வேறு சொல்லாதவரை, அதன் நடுப்புள்ளி. மேலே சொன்ன படத்துக்கு அது (260, 190). நடுவை ஒட்டிப் பிடித்தவருக்கு எகிறல் பதினைந்து பதினெட்டுப் பிக்சல்தான், அதனால் சரியாக இருக்கிறது என்றே நினைத்துக்கொள்வார். ஓரத்தைப் பிடித்து இழுக்கும் ஒருவர் கையில் நிரல் போய்ச் சேரும்போதுதான் குட்டு வெளிப்படும். எடுத்துக்காட்டைச் சோதிக்கும்போது படத்தின் நான்கு மூலைகளிலும் ஒருமுறை பிடித்து இழுத்துப் பாருங்கள் என்று இதற்காகவே கேட்கிறேன்.

எகிறல் இல்லாமல் எழுதப்பட்ட எடுத்துக்காட்டுகளிலும் ஒரு பிரச்சினை மறைந்திருக்கிறது. அது இன்னும் நுணுக்கமானது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பல பாடங்கள், மவுஸ் முன்பு இருந்த இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, படத்தை அவ்வளவு தள்ளிவிட்டு, இப்போதைய இடத்தை "முந்தைய இடம்" என்று குறித்துக்கொள்ளச் சொல்கின்றன. வெறும் பலகையில் இது நன்றாகவே ஓடும். படம் பலகையை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஓர் எல்லை வைத்துப் பாருங்கள். படத்தை இடது ஓரத்தில் மோதவிட்டு, கையை இன்னும் 50 பிக்சல் இடப்பக்கம் கொண்டுபோய்த் திரும்பி வாருங்கள். கை திரும்பத் தொடங்கிய உடனேயே படமும் வலப்பக்கம் கிளம்பிவிடும். கர்சருக்கும் பிடித்த இடத்துக்கும் நடுவே 50 பிக்சல் இடைவெளி விழுந்துவிடும். கட்டத்துக்குக் கட்டம் ஒட்டிக்கொள்ளும்படி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கட்டம் பத்துப் பிக்சல், ஒவ்வொரு நிகழ்விலும் (மவுஸ் நகரும்போது நிரலுக்கு வரும் ஒவ்வொரு செய்தியிலும்) மவுஸ் நகர்வது மூன்று பிக்சல் என்றால், மூன்றைப் பத்தின் மடங்குக்கு முழுமையாக்கும்போது பூச்சியம்தான் கிடைக்கும். எவ்வளவு இழுத்தாலும் படம் அசையாது.

தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு சிக்கலும் வராது. அழுத்தியபோது படம் எங்கே, மவுஸ் எங்கே என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் புது இடத்தை முழுதாகக் கணக்கிட்டு, கடைசியில் எல்லைக்கும் கட்டத்துக்கும் பொருத்தினால் போதும். ஜிடிகே (GTK) என்ற கருவித்தொகுப்பின் இழுப்புச் சைகை தொடக்கப் புள்ளியிலிருந்தே தூரத்தைத் தருகிறது. அதை வடிவமைத்தவர்கள் இந்த வலியை அனுபவித்துத்தான் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தை மற்ற கருவித்தொகுப்புகளின் பாடங்களும் எடுத்துக்கொள்ளலாமே.

ஜாவா மொழியின் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் (Swing) படத்தை ஒரு லேபிளில், அதாவது எழுத்தோ படமோ காட்டும் சின்னப் பெட்டியில், வைத்து அந்த லேபிளையே நகர்த்துபவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். அங்கே மவுஸ் நிகழ்வு தரும் எண்கள் அந்த லேபிளின் மூலையிலிருந்து அளந்தவை. லேபிள் நகர்ந்தால் அளவுகோலும் கூடவே நகர்ந்துவிடும். லேபிள் 100-இல் இருக்கிறது, மவுஸ் விண்டோவின் 135-இல் இருக்கிறது என்று வையுங்கள். நிகழ்வு 35 என்று சொல்லும். அதையே இடமாக வைத்தால் லேபிள் 35-க்குப் பாயும். அடுத்த நிகழ்வில் மவுஸ் அதே 135-இல் இருந்தாலும் எண் 100 என்று வரும், லேபிள் 100-க்குத் திரும்பும். அடுத்து மறுபடி 35. கை அங்கேயே இருக்க, படம் இரண்டு இடங்களுக்கு நடுவே துடிதுடிக்கும். திரை அட்டை கெட்டுவிட்டது என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த எண்கள் யாருடைய மூலையிலிருந்து அளக்கப்படுகின்றன என்று ஒரே ஒரு வாக்கியம் உங்கள் பாடத்தில் இருந்தால், அந்தத் தலைவலி யாருக்கும் வராது. உருட்டக்கூடிய கேன்வாஸ் என்றால் அந்த வாக்கியம் இன்னும் அவசியம். விண்டோவில் 50 என்பது, உருட்டிய பிறகு கேன்வாஸில் 850 ஆக இருக்கலாம்.

பொத்தானை விடும் நொடியும் பாடங்களில் சரியாகக் கவனிக்கப்படுவதில்லை. மவுஸ் வேகமாகப் போய் விண்டோவைத் தாண்டி, அங்கே விடப்பட்டால் என்ன ஆகும்? டிகே-யில் அழுத்திய கணத்திலிருந்து விடும் வரைக்கும் நிகழ்வுகள் அதே விட்ஜெட்டுக்கே (பொத்தான், கேன்வாஸ் போன்ற திரை உறுப்புக்கே) வந்து சேரும். விண்டோஸின் அடிப்படை நிரலாக்கத்தில் செட்கேப்சர் என்று அழைத்து மவுஸை நாமே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும், முடிந்ததும் ரிலீஸ்கேப்சர் என்று விட வேண்டும். அதை மறந்தால், வெளியே விட்டுவிட்டு உள்ளே திரும்பி வரும்போது பொத்தானை அழுத்தாமலேயே படம் கர்சரோடு ஒட்டிக்கொண்டு அலையும். பிடித்துவைத்திருந்தாலும், இழுக்கும் நடுவில் ஏதாவது ஓர் உரையாடல் பெட்டி எழும்பிப் பிடியைப் பறித்துக்கொண்டு போகலாம். பிடி போய்விட்டது என்ற செய்தி வந்தால் இழுப்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் எடுத்துக்காட்டில் இருக்கட்டும்.

படங்களுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. பைத்தானில் டிகே மூலம் படம் காட்டும்போது, படப் பொருளை ஃபங்ஷனுக்கு வெளியேயும் நிலைக்கும் ஒரு மாறியில் பத்திரப்படுத்தாமல் விட்டால் ஃபங்ஷன் முடிந்ததும் அது குப்பையோடு போய்விடும். திரையில் வெற்றிடம்தான் மிஞ்சும், பிழைச் செய்தி எதுவும் வராது. இழுப்பது எப்படி என்று கற்க வந்தவர் படத்தையே காணாமல் நிற்பார். ஒளிபுகும் பகுதிகள் உள்ள படம் என்றால் எங்கே தொட்டால் பிடிபடும் என்பது இன்னொன்று. கியூடி (Qt) என்ற கருவித்தொகுப்பின் வரைகலைக் காட்சியில் ஒளிபுகும் இடத்தைத் தொட்டால் பிடிபடாது, டிகே கேன்வாஸ் செவ்வகம் முழுவதையும் படமாகவே கருதும். இரண்டும் நியாயமானவைதான், ஆனால் எது என்று சொல்லிவிடுங்கள். பிடித்த படம் மற்றவற்றுக்கு மேலே வர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கியூடி-யில் ஓர் உருப்படியை நகரக்கூடியது என்று ஒரு கொடியை (ஆம், இல்லை என்று வைக்கும் அமைப்பை) ஏற்றினாலே போதும், பிடிப்புத் தூரம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லை வைக்க நினைக்கும் அன்று, இடம் மாறும்போது எனக்குத் தெரிவி என்று இன்னொரு கொடியையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதை ஏற்றாதவர் எழுதிய எல்லைக் கணக்கு கூப்பிடப்படவே படாது. முதல் கொடியைப் பற்றிப் பேசும் பத்தியிலேயே இரண்டாவதையும் சேர்த்துவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்!

இனி நான் மிகவும் வருத்தப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இழுத்ததைத் திரும்பப் பெறும் வழி உங்கள் எடுத்துக்காட்டுகளில் அநேகமாக இருப்பதே இல்லை. 1983-இல் கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மேன் திரைப் பொருள்களை நேரடியாகக் கையாளுவதைப் பற்றி எழுதியபோது, செயல்கள் வேகமாகவும் சிறு சிறு படிகளாகவும் திரும்பப் பெறக்கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்றார். முதல் இரண்டும் நமக்கு வந்துவிட்டன, மூன்றாவதை விட்டுவிட்டோம். பாதி இழுக்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் படம் பழைய இடத்துக்குப் போக வேண்டும். தொடக்க இடம்தான் கையில் இருக்கிறதே, ஒரே வரி வேலை. இழுத்து முடித்த பிறகு செயல்நீக்கம் (undo) கொடுத்தால் ஒரே தாவலில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மவுஸ் நிகழ்வையும் தனித்தனிச் செயலாகப் பதிவுசெய்த ஒரு நிரலில், ஒரு படத்தைத் திரும்ப வைக்க ஒருவர் நூறு தடவைக்கு மேல் விசையைத் தட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முழு இழுப்பும் ஒரே செயல் என்று பொத்தானை விடும் இடத்தில் பதிவு செய்தால் போதும்.

கை நடுங்குகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். சும்மா தேர்ந்தெடுக்க அழுத்தும்போதே அவர்களுடைய மவுஸ் இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்துவிடும். படம் இடம் மாறிவிடும், மாறியது அவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இவ்வளவு தூரம் நகர்ந்தால்தான் இழுப்பு என்று ஒரு குறைந்தபட்ச எல்லை வைப்பது இதற்காகத்தான். விண்டோஸில் அது இயல்பாக 4 பிக்சல், கியூடி-யில் 10. எண்ணை நாமே கற்பனை செய்யாமல் கருவித்தொகுப்பிடம் கேட்டு வாங்கும் வரியை எழுதிக் காட்டுங்கள். அதோடு, தேர்ந்தெடுத்த படத்தை அம்புக்குறி விசைகளால் நகர்த்தும் வழியும் இருக்கட்டும். 2023 அக்டோபரில் வந்த, மாற்றுத்திறனாளிகளும் வலைத்தளங்களைப் புழங்க வழிசொல்லும் வலை அணுகல் நெறி (WCAG) 2.2, இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்யும் வழியும் வேண்டும் என்கிறது. அது வலைக்காக எழுதப்பட்டதுதான். டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே கைதானே?

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. விளையாட்டுக்கான மவுஸ்கள் நொடிக்கு 1000 தடவைகூடச் செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்திக்கும் படத்தைப் புதிதாக அளவு மாற்றி வரைந்தால் எந்தக் கணினியும் திணறும். அளவு மாற்றுவதை முன்பே செய்துவைத்துவிட்டு, நிகழ்வில் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, மறுவரைவுக்குச் சொல்லிவிட்டால் போதும்.

இத்தனையும் சேர்த்தால் புதியவர் மிரண்டுபோவார் என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. பத்து வரி எடுத்துக்காட்டை எடுத்துவிடச் சொல்லவில்லை. பிடிப்புத் தூரத்தை மட்டும் அதில் சேர்த்துவிட்டு, அதற்கு நேர் கீழே முழு எடுத்துக்காட்டையும் வையுங்கள். வேறு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அந்த மாணவியின் நிரலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து முதலில் மாற்றியது நான்கு வரி. அடுத்த இரண்டு மாலைகளில் எல்லை, எஸ்கேப், செயல்நீக்கம், அம்புக்குறி விசைகள் எல்லாம் சேர்த்தாள். குறிப்புரைகளோடு சேர்த்து மொத்தம் எழுபது வரிக்குள் அடங்கிவிட்டது. அதை அவள் சம்மதத்தோடு எடுத்து, நான் அன்றாடம் புழங்கும் மூன்று கருவித்தொகுப்புகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஆவணங்களின் நடைக்கும் உரிமத்துக்கும் பொருந்தும்படி திருத்தித் தரவும் தயார். எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அந்த வாரமே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆவணங்களைப் படித்தே நிரல் கற்ற ஒருவன்